மெலிந்த குரலுக்கு முதலிடம்



கல்லூரிகளின் அமெச்சூர் ரேடியோக் குழுக்கள் ஒன்று கூடி வானலையில் ஒரு நட்புச் சந்திப்பை நடத்த விரும்புகின்றன, அதைத் திட்டமிடுவது எப்படி என்று பேசுங்கள் என்றார்கள். மகிழ்ச்சியோடு வந்தேன். இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு குழுவிடமும் ஒரு செட் இருக்கிறது. மொட்டைமாடியில் ஒரு கம்பி கட்டியிருக்கிறது. அந்தக் கம்பி வழியாக இந்தோனேசியாவோடு பேசியிருப்பீர்கள். இத்தாலியோடு பேசியிருப்பீர்கள். திருச்சியில் இருப்பவர்களே, திருநெல்வேலிக் கல்லூரியோடு பேசியிருக்கிறீர்களா? சென்னையில் இருப்பவர்களே, கோயம்புத்தூர்க் கல்லூரியின் கால்சைன், அதாவது அழைப்புக்குறி, உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் பலரும் தலையசைக்கிறீர்கள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கூட்டம்.

1921-ஆம் ஆண்டுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து என்பவர் அமெச்சூர் உரிமம் பெற்றார். அவருடைய கால்சைன் 2ஜேகே. இந்த நாட்டின் முதல் அமெச்சூர் அவர். முதல்வர் என்ற பெருமை இருந்தது, சரி. பேசுவதற்கு யார் இருந்தார்கள்? அதே ஆண்டின் பிற்பகுதியில் முகுல் போஸ் என்பவர் 2ஹெச்க்யூ என்ற கால்சைனோடு வந்து சேர்ந்தார். அதன் பிறகுதான் நம் நாட்டில் அமெச்சூர்கள் இருவர் ஒருவரோடொருவர் வானலையில் பேசுவது தொடங்கியது. வரலாற்றுப் புத்தகம் முதல் உரிமத்தைக் கொண்டாடும். எனக்கு அந்த இரண்டாவது உரிமம்தான் பெரிதாகப் படுகிறது. இரண்டாமவர் வந்தபோதுதானே முதலாமவருடைய கருவிக்கு உயிர் வந்தது?

நம் சென்னையையும் நினைத்துப் பாருங்கள். 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டி அவர்களின் முயற்சியால் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தோன்றியது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது 1938-இல். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்ட ஒரு கிளப் இந்த ஊருக்கு வானொலியைக் கொடுத்துவிட்டது. பணமுடையால் 1927-இல் கிளப்பின் பணி நின்றது. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. அமெச்சூர்களின் குழு ஒன்று நம் ஊரில் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, நம் சந்திப்புக்கு வருவோம். அலைவரிசை, நேரம், பவர், விதிகள் என்று எத்தனையோ முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். அத்தனை முடிவுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காகத் திட்டமிடுகிறோம்?

நூறு வாட் செட்டும் உயரமான கோபுரமும் வைத்திருக்கும் கல்லூரிக்காகவா? அவர்களுக்கு யாரும் திட்டமிட வேண்டியதில்லை. எப்படி நடத்தினாலும் அவர்கள் குரல் கேட்டுவிடும். போன மாதம் உரிமம் வாங்கிய இரண்டு மாணவிகள், கையால் சாலிடர் வைத்துக் கட்டிய சிறிய செட், பக்கத்து வேப்பமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே இழுத்துக் கட்டிய கம்பி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி வரும். அந்தக் கல்லூரிக்காகத் திட்டமிடுங்கள். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் எங்கே நிற்பார்? முதல் இலைக்குப் பக்கத்திலா நிற்பார்? கடைசி இலைக்குச் சாம்பார் வந்துவிட்டதா என்று அந்தக் கோடியில் போய் நிற்பார். நீங்களும் அங்கே போய் நில்லுங்கள். இன்று நான் சொல்லப் போகும் எல்லாமே அந்த இடத்தில் நின்று பார்த்துச் சொல்வதுதான்.

முதலில் எந்த பேண்டு? எந்த நேரம்? ஊருக்குள் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்கு 144 மெகாஹெர்ட்ஸ் பேண்டும் கையடக்க செட்டும் போதும். சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு அந்த அலை நேராகப் போய்ச் சேராது. பூமியின் வளைவும் மலைகளும் மறிக்கும். மலை மேல் இருந்து அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரைக் கொண்டு பேசலாம். ஆனால் அப்போது உழைப்பது ரிப்பீட்டரின் ஆண்டெனா. பிள்ளைகள் கட்டிய ஆண்டெனா எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியாமலே போய்விடும். எனவே நம் மாநில அளவுச் சந்திப்புக்கு 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். நாற்பது மீட்டர் என்று நாம் செல்லமாகச் சொல்லும் அதே பேண்டு. நமக்கு 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு.

இந்த பேண்டில் கம்பியை மிக உயரத்தில் கட்ட வேண்டும் என்ற கவலை வேண்டாம். கம்பி தாழ்வாக இருந்தால் அலை ஏறக்குறைய நேராக மேலே போகும். அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்தது போல் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். அமெரிக்காவை எட்டிப் பிடிக்க நினைப்பவருக்கு இது குறை. திருச்சியிலிருந்து திருநெல்வேலியையும் தர்மபுரியையும் ஒருசேரப் பிடிக்க நினைப்பவருக்கு இதுவே வரம். பக்கத்துக்கு 33 அடி வீதம் மொத்தம் 66 அடிக் கம்பி. நடுவில் ஒரு மூங்கில் கழியில் உயர்த்தி, இரண்டு பக்கமும் தாழ்த்திக் கட்டினால் டைப்போல் தயார். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் செம்புக் கம்பி போதும். எந்தக் கல்லூரியால் இது முடியாது?

நேரத்துக்கு வருகிறேன். அயனி மண்டலத்தின் அடித்தட்டு ஒன்று இருக்கிறது. டி அடுக்கு என்பார்கள். சூரியன் ஏற ஏற அது வலுப்பெற்று, குறைந்த அதிர்வெண் அலைகளை விழுங்கத் தொடங்கும். நடுப்பகலில் நூறு வாட் தாக்குப்பிடிக்கும். ஏழு வாட் மூழ்கிப்போகும். இரவு வந்தால் அந்த அடுக்கு மறைந்துவிடும். ஆனால் தொலைநாட்டு நிலையங்களெல்லாம் உள்ளே புகுந்து நெரிசலாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் காலைப் பொழுது இருக்கிறது. இந்திய அமெச்சூர்கள் நெட் என்ற வானலைக் கூட்டத்தைக் காலையில் நடத்துவதில் காரணம் இருக்கிறது. நம் சந்திப்பும் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியட்டும். மெலிந்த நிலையத்துக்கு அதுதான் நல்ல நேரம். விடுதிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. எழுந்திருங்கள். அலைக்கு நாம்தான் வசதி செய்து கொடுக்க வேண்டும்.

மாதம்? ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடி. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. எங்கோ நூறு மைலுக்கு அப்பால் மின்னல் வெட்டினாலும் நாற்பது மீட்டரில் படபடவென்று கேட்கும். அந்த இரைச்சலில் முதலில் காணாமல் போவது யாருடைய குரல்? உங்களுக்கே தெரியும். அத்தோடு அந்த இரண்டு பருவத்தையும் ஒட்டித்தான் செமஸ்டர் தேர்வுகளும் வருகின்றன. பொங்கல் முடிந்து பிள்ளைகள் ஊரிலிருந்து திரும்பிய பிறகு, ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி வரை வானம் தெளிந்திருக்கும், மனமும் தெளிந்திருக்கும். அந்தக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. எட்டுக் கல்லூரிகள் கலந்துகொள்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் பேச வேண்டும். எத்தனை ஜோடி? 28. ஒரு தொடர்புக்கு மூன்று நிமிடம் என்றால் 84 நிமிடம். நம் இரண்டரை மணி நேரத்துக்குள் தாராளமாக அடங்கும். பன்னிரண்டு கல்லூரிகள் வந்தால்? ஜோடிகள் 66 ஆகிவிடும். 198 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேலே. ஒரே அலைவரிசையில் முடியாது. நாலு கல்லூரிதானே கூடுகிறது என்று நினைப்போம். வேலை இரட்டிப்புக்கும் மேலே போய்விடுகிறது. அப்போது இரண்டு அலைவரிசைகள் வேண்டும், பேசும் முறையை நெறிப்படுத்த இரண்டு நெட் கண்ட்ரோல் நிலையங்கள் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் அழைப்பிதழ் அனுப்பிவிட்டால், ஒன்பது மணிக்குக் கூட்டம் கலையும்போது பேசாமலே நிற்கும் ஜோடிகள் யார் யாராக இருக்கும்? மெலிந்த நிலையங்கள்தான். கேட்காத குரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் தள்ளிவைத்திருப்பார்கள்.

ஆகவேதான் சொல்கிறேன், அவரவர் இஷ்டப்படி அழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். முதல் சுற்றை அட்டவணை போட்டு நடத்துங்கள். ஆறரைக்கு நெட் கண்ட்ரோல் வருகைப் பதிவு எடுக்கட்டும். யாருடைய குரல் மிகவும் மெலிந்து வருகிறது என்று அப்போதே குறித்துக்கொள்ளட்டும். அவர்களுக்கான ஜோடிகளை முதலில் அழைக்கட்டும். பேண்டு நன்றாக இருக்கும் அந்த முதல் அரை மணி நேரம் அவர்களுடையது. வலுவான நிலையங்கள் காத்திருக்கும். காத்திருக்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆபரேட்டர்.

பவர் விஷயத்தில் ஒரு உண்மையைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு வாட்டுக்கும் பத்து வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து டெசிபெல். குரலின் வலுவைக் காட்டும் மீட்டரில் ஒரு எஸ் புள்ளி என்பது ஆறு டெசிபெல். அப்படியானால் நூறு வாட்டில் எஸ்9 காட்டும் நிலையம் பத்து வாட்டில் எஸ்7-க்குச் சற்று மேலே காட்டும். இரண்டு புள்ளிகூட முழுசாகக் குறையவில்லை! சத்தமில்லாத அலைவரிசையில் எஸ்7 என்பது கணீரென்று கேட்கும் குரல். மெலிந்த நிலையத்தை மூழ்கடிப்பது அதனுடைய பவர் குறைவு என்பதைவிட, அந்த நேரத்தில் குறுக்கே பேசும் மற்றவர்களின் அவசரம்தான். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்டெக்ஸ் செட்டை உங்களில் பலர் கட்டியிருக்கிறீர்கள். எளிதில் கிடைக்கும் பாகங்களால் யாரும் கட்டலாம் என்று ஒரு இந்தியர் உருவாக்கிய அந்தச் சர்க்யூட் இன்று உலகெங்கும் அமெச்சூர்களின் மேசையில் இருக்கிறது. சில வாட்தான். அந்தச் சில வாட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பெரிய செட் வைத்திருப்பவர்கள் பவரை இறக்கிக்கொள்ளுங்கள். எல்லாரும் பத்து வாட் என்று பேசி முடிவு செய்யுங்கள்.

போட்டி இல்லாமல் பிள்ளைகளுக்கு ஆர்வம் வருமா என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1957-இல் இங்கிலாந்தில் சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரில் சாரணர்களின் உலக ஜம்போரி நடந்தது. அங்கே கூடிய சாரண அமெச்சூர்கள் பிரிந்த பிறகும் தொடர்பில் இருக்க வழி தேடினார்கள். லெஸ் மிட்செல் என்பவரின் யோசனையால் 1958 மே மாதம் முதலாவது வானலை ஜம்போரி நடந்தது. இன்றும் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கிறது. அதில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவில் பள்ளி, கல்லூரிக் குழுக்களுக்காகவே ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் அக்டோபரிலும், ஸ்கூல் கிளப் ரவுண்டப் நடத்துகிறார்கள். அதில் மதிப்பெண் உண்டு. ஆனாலும் ஒரு நிலையம் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் இயங்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பாடமும் கெடாமல், ஓர் ஆளே பகல் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

நம் சந்திப்புக்கும் மதிப்பெண் வைப்போம். ஆனால் அதைத் தனிக் கல்லூரிக்கு வைக்க வேண்டாம், ஜோடிக்கு வைப்போம். இரண்டு கல்லூரிகளின் லாக் என்ற தொடர்புப் பதிவேட்டிலும் ஒரே விவரம் பிழையில்லாமல் இருந்தால் இருவருக்கும் புள்ளி. ஒருவர் சரியாக எழுதி மற்றவர் தவறாக எழுதியிருந்தால் இருவருக்கும் இல்லை. இதன் விளைவைப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் திணறினால் உங்களுக்கு நட்டம். எனவே நீங்கள் நிறுத்திப் பேசுவீர்கள். கால்சைனை எழுத்தெழுத்தாக, ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று தெளிவாகச் சொல்வீர்கள். காப்பி ஆகிறதா என்று கேட்டுக் காத்திருப்பீர்கள். விதி ஒன்றை மாற்றிவிட்டால் மனிதர்களின் குணமே மாறிவிடும் என்பதை நான் நம்புகிறேன்.

என்ன விவரத்தைப் பரிமாறிக்கொள்வது? குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு வலு என்று சொல்வதுதான் ரிப்போர்ட்; பெரிய போட்டிகளில் எல்லாருக்கும் 59 என்று கொடுத்துவிடுகிறார்கள். காதில் விழுந்தாலும் 59, விழாவிட்டாலும் 59. அந்தப் பழக்கம் நம் சந்திப்பில் வேண்டாம். 33 என்றால் 33 என்றே சொல்லுங்கள். உண்மையான ரிப்போர்ட், பேசுபவரின் பெயர், ஊர், ஆண்டெனா தரையிலிருந்து எத்தனை அடி, இந்த நான்கும் போதும். ஏன் ஆண்டெனா உயரத்தைக் கேட்கச் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு ஜோடிக்கு ஒன்றையொன்று கேட்கவே இல்லை என்றால்? அதுதான் இந்தச் சந்திப்பின் மிகச் சிறந்த கட்டம். இருவரையும் கேட்கும் மூன்றாவது கல்லூரி ஒன்று நிச்சயம் எங்காவது இருக்கும். அது நடுவில் வந்து செய்தியை வாங்கி அப்படியே மாற்றிக் கொடுக்கட்டும். அப்படி ரிலே செய்து முடித்த தொடர்புக்கு மூவருக்கும் இரட்டைப் புள்ளி கொடுங்கள்.

விளையாட்டு விதிதானே என்று இதை எண்ணிவிடாதீர்கள். 2004 டிசம்பர் தொடக்கத்தில் பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் தம் குழுவினரோடு போர்ட் பிளேர் சென்று நிலையம் அமைத்தார். அந்தமானில் பல ஆண்டுகளாக அமெச்சூர் இயக்கத்துக்கு அனுமதி இருந்ததில்லை. போராடிப் பெற்ற அனுமதி அது. வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற கால்சைனோடு பேச உலகமே வரிசையில் நின்றது. முழுக்க முழுக்க நட்புக்கான இயக்கம். டிசம்பர் 26 காலை பூமி அதிர்ந்தது, கடல் ஏறியது, தொலைபேசிகள் அடங்கின. நட்புக்காக அமைத்த அதே நிலையம் அன்றைக்கே துயர் துடைக்கும் நிலையமானது. தீவுகளில் சிக்கியவர்களின் நலச் செய்தியை நிலையம் நிலையமாகக் கைமாற்றி, மெயின்லேண்டில் தவித்த குடும்பங்களிடம் சேர்த்தார்கள். அந்த நாளில் புதிதாக ஒருவர் ரிலே செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா? முன்பே விளையாட்டாகப் பழகியவரால்தான் முடியும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் பிழையில்லாமல் வாங்கிக் கொடுக்கிறாளே, அவள் பழகுவது அந்தக் கலையைத்தான்.

மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பல குழுக்களில் சீனியர் ஒருவர் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. இரண்டு தொடர்புக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று விதி வையுங்கள். உரிமம் உள்ளவர் மைக்கில் இருக்கட்டும், உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் அமர்ந்து ஹெட்போனில் கேட்டு லாக் எழுதட்டும். அடுத்த ஆண்டு அவருக்கும் உரிமம் வேண்டுமே! அதற்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தேர்வு எழுதி, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிலிருந்து உரிமம் கைக்கு வரும்வரை பொறுமை வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம். பதினெட்டு வயதில் தயங்குவானேன்? தமிழில் பேசலாமா என்று ஒரு மாணவர் உள்ளே வரும்போது கேட்டார். தாராளமாகப் பேசுங்கள். வடமாநிலத்துத் தோழர் எதிர்முனையில் இருந்தால் அவருக்குத் தெரிந்த மொழிக்கு மாறிக்கொள்ளுங்கள். கால்சைனை மட்டும் உலகம் முழுக்கப் புரியும்படி சொல்லுங்கள். 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை நிலையம் ஏதாவது நடுவே அழைத்தால் மகிழ்ச்சியோடு வரவேற்று, ஒரு ரிப்போர்ட் கொடுத்து அனுப்புங்கள். அலைவரிசை நமக்குச் சொந்தமில்லை. தொடங்குமுன் காது கொடுத்துக் கேளுங்கள். யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் ஐந்து கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போங்கள். மாற்று அலைவரிசையை எல்லாரும் முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும்.

உங்கள் கல்லூரி நிர்வாகம் இந்த நிகழ்ச்சியைப் பெருமையாக நினைக்கும். முதல்வர் வாழ்த்துரை வழங்க விரும்புவார். அவர் அரங்கத்தில் வழங்கட்டும். அமெச்சூர் உரிமத்தில் ஒலிபரப்புக்கு இடமில்லை. ஓர் அமெச்சூர் இன்னோர் அமெச்சூரோடு பேசுவதற்குத்தான் அந்த உரிமம். வாழ்த்துரையோ, பாட்டோ, கல்லூரிச் சேர்க்கை விளம்பரமோ அதில் போகக் கூடாது. பணிவாக, முன்கூட்டியே, எழுத்தில் இதை நிர்வாகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். மின்கம்பி செல்லும் பக்கத்தில் ஆண்டெனா கட்டக் கூடாது. கம்பி அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கக் கூடாது. தனியாக யாரும் மேலே போகக் கூடாது. இடி கேட்டால் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும். அன்றைக்குச் சந்திப்பு நடக்காவிட்டால் அடுத்த ஞாயிறு நடக்கும். ஒரு தாய் தன் பிள்ளையை நம்மை நம்பி அனுப்பியிருக்கிறாள்.

சந்திப்புக்கு முந்தின வாரம் ஒரு வேலை இருக்கிறது. பேட்டரியில் ஓடும் சின்ன ரிசீவரை எடுத்துக்கொண்டு கல்லூரி வளாகத்தைச் சுற்றி வாருங்கள். எல்.இ.டி. விளக்குகளும், யு.பி.எஸ்.களும், லிஃப்ட் மோட்டாரும் நாற்பது மீட்டரில் என்ன இரைச்சல் போடுகின்றன என்று கேட்டுப் பாருங்கள். நமக்கு வரும் குரல் மெலிந்தது. நம் வீட்டு இரைச்சல் அதை மூடிவிடக் கூடாது. மைதானத்தின் மூலையில் அமைதி இருந்தால் செட்டை அங்கே கொண்டு போங்கள். கார் பேட்டரி ஒன்று பத்து வாட்டுக்குக் காலை முழுக்கத் தாங்கும்.

எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையை வைத்துக்கொண்டால் என்ன, கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பிடித்துவிடுமே என்று சிலர் கேட்பீர்கள். நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் தந்த அருமையான முறை அது. இரைச்சலுக்கு அடியில் புதைந்த குறியைக்கூடத் தோண்டி எடுக்கும். அதற்கு வேறொரு நாள் வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை குரலுக்கு உரியது. இன்னொன்று: ஒன்பது மணி அடிக்கும்வரை கைபேசியைத் தொடாதீர்கள். என் கால்சைன் சரியாக எழுதினாயா என்று வாட்ஸ்ஆப்பில் கேட்டுத் திருத்தினால், வானலையில் உழைத்த உழைப்பு பாழ்.

ஆண்டெனா உயரத்தை ஏன் கேட்கச் சொன்னேன்? சந்திப்பு முடிந்து எல்லா லாக்குகளும் ஓரிடத்துக்கு வரும். நேரம், இரண்டு ஊர், உண்மையான ரிப்போர்ட், ஆண்டெனாவின் உயரம் எல்லாம் உங்கள் கையில் இருக்கும். ஒரு தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கோடு போடுங்கள். ஏழு மணிக்கு எந்தக் கோடு வலுவாக இருந்தது, எட்டரைக்கு எது மெலிந்தது, தாழ்ந்த கம்பி நூறு கிலோமீட்டரில் உயர்ந்த கம்பியை வென்றதா என்று பாருங்கள். நாம் சாதாரண இடத்தில் வாழவில்லை. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவியதற்கு அந்தக் கோடுதான் காரணம். திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் அந்தக் கோடுதான் காரணம். உலகத்தின் விஞ்ஞானிகள் கவனித்துக்கொண்டிருக்கும் அயனி மண்டலம் உங்கள் விடுதி மாடிக்கு நேர் மேலே இருக்கிறது. அதை அளக்க உங்களிடம் 66 அடிக் கம்பி இருக்கிறது. பொய்யாக ஒரு 59 எழுதினால் அந்த வரைபடம் கெட்டுப்போகும். அதனால்தான் 33 என்றால் 33 என்று எழுதச் சொன்னேன். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இதே நாளில், இதே முறையில் நடத்துங்கள். உங்கள் இயற்பியல் துறைத் தலைவரே அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குவார்.

ஒவ்வொரு தொடர்புக்கும் அதை உறுதிசெய்யும் க்யூ.எஸ்.எல். கார்டு அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அச்சடித்தது போதாது. பேசியவர் கையெழுத்து இருக்கட்டும்.

மேடைக்குக் கீழே இருக்கும் மேசையில் காகிதம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் கல்லூரியின் ஊர், கால்சைன், உங்கள் செட்டின் பவர், உரிமம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பவர் மிகக் குறைவாக எழுதியிருக்கும் மூன்று குழுக்களை அட்டவணையின் தலையில் போடுவோம். ஒத்திகைக்கு ஒரு ஞாயிறு, சந்திப்புக்கு ஒரு ஞாயிறு, இரண்டையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிவு செய்துவிடலாம். ஒத்திகையன்று நெட் கண்ட்ரோல் ஏற்க இதுவரை நெட் நடத்தியே பழகாத ஒரு குழு முன்வர வேண்டும். பக்கத்தில் இருந்து உதவ மூத்த அமெச்சூர்கள் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். எந்தக் குழு வருகிறீர்கள்? கையை உயர்த்துங்கள்.